பழைய கராஜ் அலுமாரியின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

பழைய கராஜ் அலுமாரி ஒன்றைப் பார்க்கப் போனால் முன்பக்கத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். கதவுக்குப் பலமுறை பெயின்ற் பூசியிருப்பார்கள். கைபிடி மாறியிருக்கும், பழைய பூட்டு உடைந்து வேறு பூட்டு ஏறியிருக்கும். கீழ் லாச்சி ஒன்றை முழுதாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பிறகு அந்த இடைவெளிக்குள் ரோச் அடித்து, லாச்சி ஓடுகிற தண்டவாளத்தையும் பின் தகட்டின் உட்புறத்தையும் பாருங்கள். லாச்சியின் அடி, தண்டவாளம், உள் முதுகு ஆகிய மூன்றுக்கும் யாரும் பெயின்ற் பூசுவதில்லை. தொழிற்சாலை முத்திரை, முதல் பூச்சின் நிறம், முதலில் போட்ட ஆணி எல்லாம் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

நான் திருகோணமலையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை நடத்துகிறேன். அப்பா தொடங்கிய கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அங்கே ஒரே வேலைதான்: வாஷர்களை அளவு பார்த்து லாச்சிகளில் பிரித்துப் போடுவது. அந்த அலுமாரி இன்னும் கல்லாவுக்குப் பின்னால்தான் நிற்கிறது, அதில் இன்னும் வாஷர்தான் இருக்கிறது. அது எந்த ஆண்டில், எங்கே செய்தது என்று தேடத் தொடங்கியதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம். இப்போது மூடுகிற கராஜ்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் வெட்டப்படவிருந்த அலுமாரிகளைத் தேடி எடுத்துவருகிறேன். இந்த ஊரில் வாகனம் திருத்தியவர்களின் கை வேலைக்கு இவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆண்டு தெரிந்தால்தான் அந்தச் சாட்சிக்கு முழுப் பொருள் கிடைக்கும்.

எங்கள் பக்கத்தில் என்ன கிடைக்கும்

பெரும்பாலும் நான்கு வகை. முதலாவது, உதிரிப்பாகக் கம்பனிகள் கடைகளுக்குக் கொடுத்த சிறிய தகர அலுமாரிகள். லூக்காஸ் பல்ப், சாம்பியன் பிளக், ஃபியூஸ், காபரேட்டர் ஜெட் என்று ஒவ்வொன்றுக்கும் சின்னச் சின்ன லாச்சி இருக்கும், முகப்பில் பெயர் அச்சடித்திருக்கும். இரண்டாவது, பெரிய இரும்பு றாக்கைகளும் கதவு வைத்த ஸ்டோர் அலுமாரிகளும். மூன்றாவது, மெக்கானிக்கின் சொந்த ஆயுதப் பெட்டி. நான்காவது வகைதான் என் மனதுக்கு நெருக்கம்: கடையில் வாங்காமல் இங்கேயே தச்சரும் வெல்டிங் பாஸும் செய்தவை.

நான்காவது வகை இங்கே நிறைய இருப்பதற்குக் காரணம் உண்டு. திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது, சீனக்குடாவில் விமானப்படைத் தளம் இருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இந்த இரண்டையும் குறிவைத்துத்தான். 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தது. தளம் இயங்கிய காலத்திலும் கைமாறிய பிறகும் அங்கிருந்து கழித்த பெட்டி, தகடு, றாக்கை என்று எத்தனையோ சாமான் ஊருக்குள் வந்திருக்கிறது. பிறகு 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1977 வரை வெளிநாட்டுச் சாமான் எடுப்பது பெரும்பாடு. கையில் இருந்ததை வெட்டி ஒட்டித்தான் கராஜ்கள் ஓடின. வெடிமருந்துப் பெட்டிப் பலகையில் லாச்சியும், எண்ணெய் ட்ரம்மைப் பிளந்து தட்டிய தகட்டில் கதவும் வைத்த அலுமாரிகளை உவர்மலைப் பக்கத்திலும் பாலையூற்றிலும் தம்பலகாமத்திலும் கண்டிருக்கிறேன்.

ட்ரம் தகட்டை அடையாளம் காண்பது எளிது. 44 கலன் ட்ரம்மின் உடலில் உருட்டுவதற்கென்று இரண்டு வளையப் புடைப்பு இருக்கும். எவ்வளவு தட்டினாலும் அந்த இரண்டு கோடும் முழுதாக மறையாது. கதவின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். விரித்த ட்ரம் தகடு ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடிதான் வரும் என்பதால் கதவுகளும் அந்த அளவுக்குள்ளேயே அடங்கும். வெடிமருந்துப் பெட்டிப் பலகையானால் கயிற்றுக் கைபிடி போன துளைகளை மரக்கட்டை வைத்து அடைத்திருப்பது தெரியும். இறக்குமதிப் பெட்டிகள் பெரும்பாலும் மெல்லிய நிற மென்மரம். இங்கே செய்தவை தேக்கு, முதிரை, சவண்டலை. சவண்டலையை ஆங்கிலேய மர வியாபாரிகள் திருகோணமலை மரம் என்றே விற்றார்கள். வண்டிக்கும் படகுக்கும் பீப்பாய்க்கும் போன மரம் அது, ஆயுதப் பெட்டிக்கும் அருமையாக நிற்கும்.

வயதைக் கணக்கிடும் முறை

ஒரு அலுமாரிக்கு ஒரு வயது மட்டும் இருப்பதில்லை. உடல் ஒரு காலம், பூட்டு ஒரு காலம், ஸ்குறூ ஆணி ஒரு காலம், பெயின்ற் வேறு காலம். இதில் குழம்பாமல் இருக்க நான் இரண்டு கேள்விகளை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

எந்த ஆண்டுக்கு முன் இது இருந்திருக்க முடியாது? முதலில் இருந்தே கூட இருந்த பாகங்களில் மிகப் புதியது எதுவோ அதுதான் விடை சொல்லும். எந்த ஆண்டில் இது நிச்சயமாகப் பாவனையில் இருந்தது? உள்ளே கிடக்கிற மிகப் பழைய கடதாசியும் கையெழுத்தும் அதற்கு விடை. இரண்டு விடைகளுக்கும் நடுவில்தான் செய்த ஆண்டு. இடைவெளி பதினைந்து வருடமாக இருந்தால் பதினைந்து வருடம் என்றே எழுதிவைக்க வேண்டும். ஆசைப்பட்டு ஒரு தனி ஆண்டைச் சொல்லக் கூடாது.

முதலில் இருந்தே கூட இருந்த பாகம் எது என்று எப்படித் தெரியும்? ஒரு ஸ்குறூ ஆணியைக் கழற்றினால் அதன் தலைக்கு அடியில் பெயின்ற் இல்லாத வட்டம் இருக்க வேண்டும், அல்லது முதல் பூச்சு மட்டும் இருக்க வேண்டும். தலைக்கு அடியில் இரண்டு மூன்று நிறம் தெரிந்தால் அந்த ஆணி பிறகு வந்தது. கைபிடி, பிணைச்சல், பூட்டு எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். பக்கத்தில் பழைய துளை ஒன்று அடைபட்டிருந்தால் அது இன்னும் உறுதி. நடுவில் ஓட்டையுள்ள பொப் ரிவெட் கண்டால் பெரும்பாலும் பழுது பார்த்த இடம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முத்திரைகள்

எங்கள் ஊரில் முதலில் தேட வேண்டியது அம்பு முத்திரை. மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடுகிற, கோழிக்கால் தடம் மாதிரியான அடையாளம். பிரித்தானிய அரசின் சொத்து என்பதற்கு அதை அடித்தார்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே ஆண்டும் செய்தவரின் பெயர்ச் சுருக்கமும் இருக்கும். ஆண்டு இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. மரத்தில் சூடு வைத்தும், இரும்பில் அச்சுக் குத்தியும் இருக்கும். பெயின்ற்றுக்கு அடியில் மறைந்திருந்தால் மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் சாய்த்துத் தேயுங்கள். சுரண்டவே கூடாது.

விமானப்படைச் சாமானில் அரச முடி (கிரீடம்) ஒன்றும் அதன் கீழ் ஆங்கிலத்தில் ஏ, எம் என்ற எழுத்துகளும் வரும். விமான அமைச்சு என்று பொருள். அந்த அமைச்சு 1918 முதல் 1964 வரைதான் இருந்தது. முடியின் வடிவத்தையும் கவனியுங்கள். மேல் வளைவு அரைவட்டமாகக் குவிந்து நின்றால் மன்னர் காலத்து முடி, அதாவது 1952 வரை. வளைவின் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு தோளாகத் தெரிந்தால் இரண்டாம் எலிசபெத் காலத்தது. அப்படிப் பள்ளம் விழுந்த முடி சீனக்குடாத் தளத்திலிருந்தே வந்ததென்று நம்பத் தகுந்த சான்று இருந்தால், 1953க்கும் 1957க்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய காலம் கையில் கிடைக்கிறது.

சாதாரண வியாபாரச் சாமானில் ‘ரெஜிஸ்டர்ட் டிசைன்’ என்றோ அதைச் சுருக்கியோ எழுதி ஒரு எண் குத்தியிருக்கும். பிரித்தானியாவில் அந்த எண்கள் 1884 இல் ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக ஏறியவை. 1930 தொடக்கத்தில் ஏறக்குறைய 751,000, 1940 இல் 837,000, 1950 இல் 860,000. போர்க்காலத்தில் எண்கள் மெதுவாக நகர்ந்ததை இதிலேயே பார்க்கலாம். காப்புரிமை எண் என்றால் வேறு வரிசை. 1916 இல் அது 100,001 இலிருந்து புதிதாகத் தொடங்கியது. எஸ்பேஸ்நெட் என்ற இலவசத் தேடுதளத்தில் எண்ணைப் போட்டால் வரைபடத்துடன் வரும். உங்கள் பூட்டின் வரைபடத்தை நூறு வருடத்துக்கு முந்தைய தாளில் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடில்லை. ஆனால் எண் பதிவான ஆண்டும் அலுமாரி செய்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பூட்டை இருபது வருடம் அதே எண்ணோடு செய்திருக்கலாம். ‘முன் இல்லை’ என்ற கேள்விக்கு மட்டும் இது விடை.

விற்பனையாளரின் சிறு பித்தளைத் தகட்டில் ‘சிலோன்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முன், நாடு சிறிலங்கா ஆவதற்கு முந்தைய காலம். பழைய தகட்டை இருப்பில் வைத்துப் பிறகும் அடித்திருக்கலாம் என்பதால் இதைத் தனியாக நம்புவதில்லை.

பெயர்கள் சொல்வது

கம்பனிப் பெயர் மாறிய ஆண்டுகள் தெரிந்தால் அச்சடித்த அலுமாரியை நேராகவே வாசிக்கலாம். காஸ்ட்ரோல் எண்ணெய் வைத்த அலுமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சார்ள்ஸ் வேக்ஃபீல்ட் 1899 இல் தொடங்கிய கம்பனி அது. 1909 இல் எண்ணெய்க்குக் காஸ்ட்ரோல் என்று பெயர் வைத்தார்கள். 1960 இல் கம்பனியின் பெயரே காஸ்ட்ரோல் ஆனது. ஆகவே முகப்பில் வேக்ஃபீல்ட் என்ற பெயர் இருந்தால் 1960க்கு முந்தியது என்று துணிந்து சொல்லலாம்.

பி.எம்.சி. என்ற எழுத்து இருந்தால் 1952க்கு முன் இல்லை. ஒஸ்டினும் மொறிஸும் சேர்ந்தது அந்த ஆண்டுதான். யூனிபார்ட் என்ற உதிரிப்பாகப் பெயர் என்றால் 1974க்கு முன் இல்லை. ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ பெயர் தாங்கி எண்ணெய் நிரப்பு நிலையத்தில் நின்ற அலுமாரிகளுக்கு இன்னொரு உள்ளூர் எல்லை உண்டு. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அடுத்த சில வருடங்களில் அந்தக் கம்பனிகளின் வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. கூட்டுத்தாபனத்தின் பூச்சுக்கு அடியில் பழைய கம்பனியின் நிறம் எட்டிப் பார்த்தால் அந்த மாற்றத்தையே கண்ணால் பார்க்கிறீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல சான்று கதவின் உட்புறத்தில் ஒட்டிய அட்டவணை. எந்த வாகனத்துக்கு எந்த பிளக், எந்த பல்ப் என்று எழுதியிருக்கும். அதில் உள்ள மிகப் புதிய வாகனத்தைத் தேடுங்கள். போருக்குப் பிந்தைய மொறிஸ் மைனர் வெறும் மைனராக இருந்தால் 1948க்குப் பின், மைனர் 1000 இருந்தால் 1956க்குப் பின், மினியோ ஃபோர்ட் ஆங்ளியா 105ஈ யோ இருந்தால் 1959க்குப் பின். மைனர் 1000 இருந்து மினி இல்லாத அட்டவணை என்றால் மூன்று நான்கு வருடத்துக்குள் வந்துவிட்டீர்கள். அட்டவணைதான் பிறகு மாற்றி ஒட்டப்பட்டதா என்று ஓரங்களைப் பார்க்க மறக்க வேண்டாம்.

பழைய எழுத்து என்று புதிதாக அச்சடித்து ஒட்டி விற்பதும் நடக்கிறது. அந்தக் காலத்தில் பெயரைப் பட்டுத்துணி அச்சிலோ (ஸ்கிறீன் பிறின்ற்) ஈர ட்ரான்ஸ்பராகவோ போட்டு மேலே வார்னிஷ் அடித்தார்கள். எழுத்தும் பெயின்ற்றும் சேர்ந்தே வெடித்திருக்கும், துரு எழுத்தைத் தூக்கியிருக்கும். துருவுக்கு மேலே எழுத்து முழுசாகப் படுத்திருந்தால், நகத்தால் தொட்டால் கத்தியால் வெட்டிய ஓரம் தட்டுப்பட்டால், அந்த எழுத்துக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம்.

ஆணியும் அளவும்

ஸ்குறூ ஆணியின் தலையில் ஒற்றை வெட்டு என்றால் எந்தக் காலமும் ஆகலாம். கூட்டல் குறி வெட்டான பிலிப்ஸ் தலை 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வந்தது, பிரித்தானியச் சாமானில் போருக்குப் பிறகுதான் பரவலாகக் காணலாம். கூட்டல் குறிக்கு இடையில் நான்கு சின்னக் கீறல் சேர்ந்திருந்தால் அது பொசிட்ரிவ், 1960களுக்கு முன் கிடையாது.

மரை இன்னும் நன்றாகச் சொல்லும். பழைய பிரித்தானியச் சாமானில் கால் அங்குல விட்வர்த் மரை ஒரு அங்குலத்துக்கு 20 சுற்று. பத்துச் சுற்றை அளந்தால் 12.7 மில்லிமீற்றர் வரும். பார்வைக்கு ஒரே அளவாகத் தெரிகிற எம்-6 (6 மில்லிமீற்றர் மெற்றிக்) போல்ட்டில் பத்துச் சுற்று சரியாக 10 மில்லிமீற்றர். ஒரு சாதாரண அடிமட்டம் போதும், மரை அளவி கூடத் தேவையில்லை. முதலில் இருந்தே மெற்றிக் போல்ட் போட்ட பிரித்தானிய அலுமாரி என்றால் 1960களின் பிற்பகுதிக்கு முன்னால் கொண்டுபோக வேண்டாம். ஜப்பான், ஜெர்மன் சாமானுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்கள் முன்பிருந்தே மெற்றிக்காரர்கள்.

மொத்த அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அகலம் 914 மில்லிமீற்றர் என்றால் சரியாக மூன்றடி, ஆகவே பழையது; 900 என்றால் புதியது என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். தொழிற்சாலைச் சாமானுக்கு அது சரி. இங்கே செய்ததற்குச் சரிவராது. எங்கள் தச்சரும் வெல்டிங் பாஸும் இன்றைக்கும் அடியிலும் அங்குலத்திலும்தான் கதைக்கிறார்கள்.

துளை துளையாக உள்ள கோண இரும்பில் பூட்டிய றாக்கை பார்த்திருப்பீர்கள். அது டெக்ஸியன். லண்டனில் டிமிட்ரியஸ் கொமினோ 1947 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடற்படைக் காலத்து றாக்கை, போரில் இருந்தது என்று சொல்லி டெக்ஸியனை விற்க வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

உள்ளே கிடப்பதை வெளியே கொட்டாதீர்கள்

வாங்குகிறவர்கள் செய்கிற பெரிய அநியாயம் இது. லாச்சிக்குள் இருக்கிற துருப்பிடித்த ஆணியும் கிழிந்த பத்திரிகையும் குப்பை என்று அங்கேயே கொட்டிவிட்டு வெறும் தகரத்தை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இரண்டாவது கேள்விக்கான விடை முழுவதும் அந்தக் குப்பையில்தான் இருந்தது.

எங்கள் ஆட்கள் லாச்சிக்கு அடியில் பத்திரிகை விரிப்பார்கள். எண்ணெய் ஊறினால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று விரிப்பார்கள். ஆகவே மிக அடியில் இருப்பதுதான் பழையது. வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் தொடங்கியவை. ஈழநாடு 1959 இல் வந்தது. பெயரின் ஒரு துண்டு கிடைத்தாலும் பயன்தான், திகதி கிடைத்தால் பொக்கிஷம். எண்ணெய் ஊறிய தாளை இழுத்தால் கிழியும். மெல்லிய தகரக் கரண்டியை அடியில் செருகி, லாச்சியையே சாய்த்து வழுக்கவிடுங்கள். எடுத்ததும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றுங்கள்.

லூக்காஸ் பாகங்களில் உடலிலேயே ஆண்டு குத்தியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர், சுவிட்ச், விளக்கு எதுவானாலும் பாகத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எண் இருக்கிறதா பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் பெரும்பாலும் ஆண்டு. 62 என்றால் 1962. ஒரு லாச்சியில் பத்துப் பாகம் கிடந்து அதில் எட்டு ஒரே காலத்தைச் சொன்னால் அந்தக் கராஜ் எப்போது நன்றாக ஓடியது என்று தெரிந்துவிடும்.

லாச்சி முகப்பில் உள்ள எழுத்தையும் காப்பாற்றுங்கள். பிளாஸ்ரிக் நாடாவில் எழுத்துப் புடைத்து நிற்கிற டைமோ லேபல் 1958க்கு முன் கிடையாது. அதற்கு அடியில் பெயின்ற் தூரிகையால் எழுதிய தமிழோ சிங்களமோ ஆங்கிலமோ இருக்கலாம். என்னிடம் உள்ள ஒன்றில் ‘கொன்ராக் பொயின்ற்’ என்று அழகான சாய்வெழுத்தில் தமிழிலும், அதற்குக் கீழே வேறொரு கையால் சிங்களத்திலும் எழுதியிருக்கிறது. இரண்டு பேர் ஒரே லாச்சியில் கை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். மைனர் அட்டவணை சொல்லாததை அது சொல்கிறது.

வாங்கும்போது

கச்சான் காற்றுக் காலத்தில் வாங்குவது நல்லது. வரட்சியில் துருவின் உண்மை நிலை தெரியும், கழுவினால் அன்றைக்கே காயும். வாடைக் காலத்தில் ஈரம் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

கடற்கரையோரச் சாமானில் அடி மடிப்பைச் சோதியுங்கள். தகடு மடிந்து சேருகிற இடத்தில் பேனாக் கத்தியின் முதுகால் தட்டினால், நல்ல இரும்பு ‘டிங்’ என்று சொல்லும், உள்ளே தின்றுபோன இரும்பு செத்த சத்தம் தரும். கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கச் சாமானில் மடிப்புக்குள் மெல்லிய கடல் மணலும், உட்புறத்தில் ஒரே உயரத்தில் ஓடுகிற கறைக்கோடும் இருந்தால் அது 2004 திசெம்பர் 26 ஆம் திகதி கடலுக்குள் நின்ற அலுமாரியாக இருக்கலாம். அதை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. உப்பு உள்ளே இருக்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். அந்தக் கோட்டை அழிக்க வேண்டாம்.

பழைய இரும்புக் கடைக்காரர் நிறுத்துத்தான் வாங்கியிருப்பார். அன்றைய இரும்பு விலையைக் கேட்டுக்கொண்டு போனால் பேச்சு எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியும். அவரோடு நல்ல பழக்கம் வைத்திருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஒருமுறை பூட்டிய அலுமாரி ஒன்று வந்திருந்தது.

“நானா, இதுக்குத் திறப்பு இருக்கா?”

“திறப்பு எங்க தங்கச்சி? நாளைக்கு வெட்டப் போறம்.”

“வெட்ட வேணாம். பூட்டியபடியே தாங்க, நான் எடுக்கிறன்.”

பழைய பூட்டை வெட்டினால் அலுமாரியின் பாதி வரலாறு போய்விடும். பூட்டின் முகத்தில் எண் இருந்தால் திறப்பு செய்கிறவர் பெரும்பாலும் வழி கண்டுபிடிப்பார். இல்லாவிட்டால் பின் தகட்டின் நான்கு ரிவெட்டைத் துளைத்து எடுத்துப் பின்னால் திறக்கலாம், பிறகு அதே துளையில் ரிவெட் அடிக்கலாம். அந்த அலுமாரியை அப்படித்தான் திறந்தோம். பட்டா லொறியில் ஏற்றி முப்பது நிமிடத்தில் வீடு வந்து சேர்ந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் இக்கரைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பாரமான சாமான் பல அக்கரையிலேயே தங்கிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

யாருடையது என்று கட்டாயம் கேளுங்கள். போர்க்காலத்தில் பூட்டிவிட்டுப் போன கராஜ்கள் இங்கே உண்டு. குடும்பத்தில் ஒருவராவது இருந்தால் அவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி, ஒரு படமும் அனுப்பிவைப்பேன். இரண்டு இடங்களில் வேண்டாம் என்று சொன்னார்கள், விட்டுவிட்டேன். கடற்படைத் தளம், சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் போன்ற பாதுகாப்புப் பகுதிகளிலிருந்து வந்ததென்று யாராவது இப்போது இரவில் கொண்டுவந்தால் தொடவே வேண்டாம்.

கழுவுவதும் காப்பதும்

முதல் வேலை படம் எடுப்பது. ஒவ்வொரு லாச்சியும், ஒவ்வொரு எழுத்தும், கை வைப்பதற்கு முன்பு.

இரண்டாவது, தூசியை ஊத வேண்டாம், பிரஷ் போட்டுத் தட்டவும் வேண்டாம். பழைய பிரேக் லைனிங்கும் கிளட்ச் தட்டும் அஸ்பெஸ்ரஸ் கலந்தவை. அவை கிடந்த லாச்சியின் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் பழி வாங்கும். முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள். பழைய பெயின்ற்றிலும் அடிப்பூச்சிலும் ஈயம் இருக்கும். உலர்ந்தபடி மண்தாள் போடவே கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை முற்றத்தில்கூடச் செய்யாமல் வேறிடம் பாருங்கள்.

பிறகு உப்பை எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் துருவை வளர்ப்பது தண்ணீரைவிட உப்புத்தான். மெல்லிய சவர்க்கார நீரில் துடைத்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவுங்கள். குழாய்த் தண்ணீர்தான் வேண்டும், கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீரே உவர்ப்பு. கடதாசி லேபல் உள்ள முகப்பை மட்டும் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்து, மடிப்புகளுக்குள் காற்றடித்து முழுதாகக் காயவிடுங்கள்.

பூச்சு இல்லாத கைபிடி, பிணைச்சல், ஆணி போன்ற சின்னப் பாகங்களை வினாகிரியில் ஒரு இரவு ஊறவைத்தால் துரு இளகும். எடுத்ததும் அப்பச் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். நாகம் (சிங்க்) பூசிய பாகத்தை வினாகிரியில் போட்டால் பூச்சே கரைந்துவிடும். பெயின்ற் உள்ள உடலுக்கு அமிலம் எதுவும் வேண்டாம். மெஷின் எண்ணெயில் தோய்த்த மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் துருவின் மேல் தோல் போய்விடும், பெயின்ற் நிற்கும். கடைசியில் மெழுகு பொலிஷ்.

புதிதாகப் பெயின்ற் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் கருத்தில் கூடாது. பூசிய அலுமாரி பளபளக்கும், ஆனால் மேலே சொன்ன ஒரு சோதனையையும் அதில் பிறகு செய்ய முடியாது. அடி மடிப்பு தின்றுபோயிருந்தால் உட்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும், துருத்தடுப்புப் பூச்சுப் போடலாம்.

வீட்டுக்குள் வைக்கும்போது கடல் பக்கச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நான்கு மூலைக்கும் கீழே மரக்கட்டை வைத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள், பின்னால் ஒரு கை போகிற இடைவெளி விடுங்கள். மர அலுமாரியானால் அந்தக் கட்டைகளில் கறையான் மண் ஏறுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஒக்டோபரில் வாடை தொடங்குவதற்கு முன் தண்டவாளங்களுக்கு எண்ணெய் தொட்டு, எல்லா லாச்சிகளையும் ஒருமுறை இழுத்து மூடுங்கள். திறப்புக்கு உடனே இன்னொரு பிரதி வெட்டி, எந்த அலுமாரியுடையது என்று அட்டையில் எழுதிக் கட்டி, அலுமாரிக்குள் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.